அணையோரத்தில் 35 ஆண்டுகள்

விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே, கௌசிகா நதியின் குறுக்கே கட்டப்பட்டது குல்லூர்சந்தை நீர்த்தேக்கம். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை விழுந்தால் அங்கே தண்ணீர் நிற்கும். மற்ற மாதங்களில் அந்த ஆற்று வழியாக வந்து சேர்வதில் பெரும்பகுதி விருதுநகரின் சாக்கடைதான். ஆகாயத்தாமரையும் நாற்றமுமாக அந்த அணை பத்திரிகைகளில் எத்தனையோ முறை செய்தியாகிவிட்டது. அதே ஊர்ப்பெயரில் இன்னொரு இடமும் இருக்கிறது. குல்லூர்சந்தை இலங்கைத் தமிழர் முகாம். மன்னாரிலும் வவுனியாவிலும் திருகோணமலையிலும் பிறந்தவர்கள், வங்காள விரிகுடாவையோ பாக் நீரிணையையோ பார்க்க முடியாத இந்தக் கரிசல் காட்டில் பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

விருதுநகர் மாவட்டத்தில் இது ஒன்று மட்டும் இல்லை. மல்லாங்கிணறு, ஆனைக்குட்டம், செவலூர், கண்டியாபுரம், ராஜபாளையம் பக்கத்து மொட்டமலை என்று முகாம்கள் பரவிக் கிடக்கின்றன. ஆனைக்குட்டமும் ஓர் அணைதான். அர்ச்சுனா நதியின் குறுக்கே உள்ள அந்த அணைப் பகுதியிலிருந்தும் விருதுநகர் மக்கள் குடிநீர் வாங்குகிறார்கள்.

அணைக்கட்டும் அகதி முகாமும் அருகருகே அமைந்திருப்பது இந்த மாவட்டத்தோடு முடிகிற செய்தி இல்லை. தமிழ்நாட்டின் முகாம் பட்டியலை எடுத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஈரோடு மாவட்டத்தில் பவானிசாகர். கோவை மாவட்டத்தில் ஆழியாறு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாம்பாறு அணை, கெலவரப்பள்ளி. தருமபுரி மாவட்டத்தில் வாணியாறு அணை, தும்பலஹள்ளி அணை, நாகாவதி அணை. இவ்வளவு அணைகளின் பெயர் ஒரு நீர்ப்பாசனப் புத்தகத்தில் வரலாம். அகதிகள் மறுவாழ்வுத் துறையின் பதிவேட்டில் வருவதற்கு ஒரு காரணம் வேண்டும்.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. ஓர் அணை கட்ட வேண்டுமென்றால் முதலில் அங்கே ஒரு குடியிருப்பு எழும். பொறியாளர்களுக்குக் குவார்ட்டர்ஸ், சிமெண்ட் மூட்டை அடுக்க குடோன், கூலியாட்களுக்கு வரிசை வரிசையாகக் குடிசைகள். மண் வெட்டுவதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட போயர் சமூகத்துக் குடும்பங்கள் கழுதை, கடப்பாரை, கூடையோடு வந்து இறங்கும். அணையும் வாய்க்காலும் முடிந்ததும் அவர்கள் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். நிலம் மட்டும் பொதுப்பணித் துறை கையில் நிற்கும். 1925 முதல் 1934 வரை நடந்த மேட்டூர் அணை வேலை ஒரு நகரத்தையே உண்டாக்கியது. 1948-ல் தொடங்கி 1955-ல் முடிந்த கீழ்பவானித் திட்டத்தால் பவானிசாகர் என்ற ஊர் பிறந்தது. சின்ன அணைகளுக்கு அந்த யோகம் கிடையாது. வேலையாட்கள் போனதும் சீமைக்கருவேல் முளைத்துவிடும்.

பிறகு 1990 வந்தது. இலங்கைப் போருக்குத் தப்பிய தமிழர்கள் படகு படகாக ராமேசுவரத்தில் இறங்கினார்கள். ஒவ்வொரு மாவட்ட ஆட்சியருக்கும் உடனடியாக இடம் தேவைப்பட்டது. யாருடைய பட்டாவிலும் இல்லாத நிலம் வேண்டும், பக்கத்தில் தண்ணீர் வேண்டும், ஊருக்கு நடுவிலும் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் கூடி வருகிற இடம் அணையடிதான். கொஞ்ச நாளைக்குத்தானே என்று எல்லோரும் நினைத்தார்கள், வந்தவர்களும் சேர்த்துத்தான். சாத்தூர், சிவகாசி, விருதுநகர் வட்டாரத்தில் மழையை நம்பி அணை கட்டியவர்கள் ஏமாந்தது ஒரு கதை என்றால், அணையடியில் குடிவைக்கப்பட்டவர்கள் காத்திருந்து ஏமாந்தது அதைவிட நீண்ட கதை.

இவர்களில் ஒரு பகுதியினருடைய வேர் எங்கே என்று தேடினால் மீண்டும் இதே தென்மாவட்டங்களுக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் தென்மாவட்டங்களிலிருந்தும் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் கண்டிச் சீமைக்குப் போனவர்கள் லட்சக்கணக்கானோர். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் பலரை விரட்டியது. ஆள் சேர்க்கும் கங்காணி முன்பணம் கொடுப்பார். குடும்பம் காப்பித் தோட்டத்துக்கும் பின்னாளில் தேயிலைத் தோட்டத்துக்கும் நடக்கும். 20-ஆம் நூற்றாண்டில் அந்தத் தொழிலாளர்களைத் தொற்றுநோய்ச் சோதனைக்காக நிறுத்தி வைக்க இலங்கை அரசாங்கம் மண்டபத்தில் ஒரு முகாம் கட்டியது. அதனால்தான் அங்கே ரயில் நிலையத்துக்கே மண்டபம் கேம்ப் என்று பெயர். இன்று இலங்கையிலிருந்து வரும் அகதிகள் முதலில் கொண்டுபோய் வைக்கப்படுவதும் அதே மண்டபம் முகாமில்தான். கொள்ளுத்தாத்தா போகும்போது தங்கிய இடத்தில், கொள்ளுப்பேரன் வரும்போது தங்குகிறான்.

நடுவில் நடந்தவை ஏராளம். சுதந்திரம் வாங்கிய கையோடு 1948-ல் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. தோட்டத் தொழிலாளர்களில் ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களாகிப் போனார்கள். 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அவர்களைப் பங்குபோட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் யாரிடமும் விருப்பம் கேட்டு இந்தக் கணக்குப் போடப்படவில்லை. தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்கு வந்துகொண்டிருந்த 'ராமானுஜம்' கப்பல் 1984-ல் நின்றுபோனது. இந்தியக் குடியுரிமை கிடைத்தும் கப்பல் ஏற முடியாமல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தோட்டங்கள் நிறைந்த மலையகத்திலேயே தங்கிவிட்டன.

இன்னொரு பக்கம், 1977 ஆகஸ்ட் கலவரத்தில் அடிபட்ட தோட்டக் குடும்பங்கள் மலையை விட்டு இறங்கி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நடந்தன. காடு வெட்டி, கொட்டில் போட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கின. இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாய்கிற வயல்களில் கூலிக்கு இறங்கியவர்கள் அவர்களில் பலர். வாய்க்கால் அவர்கள் குடிசைக்குப் பக்கத்தில் ஓடும். அதில் பாசன உரிமை வேறு யாருக்கோ இருக்கும். 1983 கலவரமும் அதற்குப் பிந்திய போரும் அங்கிருந்தும் கிளப்பின. ஒரே குடும்பத்தில் பாட்டி தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள், மகள் வன்னிக் காட்டில் பிறந்தவள், பேத்தி விருதுநகர் அரசு மருத்துவமனையில் பிறந்தவள் என்று இருந்தால், அந்த வரிசையே இந்த மக்களின் நூறு வருஷ வரலாறு.

வந்தவர்கள் எல்லோரும் மலையகத்தார் அல்லர். யாழ்ப்பாணத்து விவசாயி, மன்னார் மீனவர், திருகோணமலை வியாபாரி எல்லோரும் ஒரே படகில் ஏறினார்கள். 1983 ஜூலை முதல் 2012 வரை தமிழ்நாட்டுக்கு வந்து பதிவானவர்கள் 3,04,269 பேர். 1987 இந்திய - இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரு கூட்டம் திரும்பிப் போனது. 1990 ஜூனில் மறுபடி சண்டை மூண்டதும் போனவர்களே திரும்பி வந்தார்கள், புதியவர்களையும் அழைத்துக்கொண்டு. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு இந்த மக்கள் மீது விழுந்த சந்தேக நிழல் பல வருஷம் விலகவில்லை. கொலைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத முகாம் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு சாத்தப்பட்டது. 1992-லிருந்து 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழையக்கூடத் தடை வந்தது. அந்தத் தடைகள் தளரத் தொடங்கியபோது ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் படிக்கிற வயது கடந்திருந்தது.

முகாம் வீடு என்றால் என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டும். பத்தடிக்குப் பத்தடி. சுவர் பாதி செங்கல், பாதி தட்டி, மேலே ஓலை அல்லது ஆஸ்பெஸ்டாஸ். நடுவில் ஒரு சேலையைக் கட்டினால் அறை இரண்டாகும். விருதுநகர் சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் பகலில் யாரும் உட்கார மாட்டார்கள். வேப்பமரத்து நிழல்தான் கூடம். கக்கூஸும் தண்ணீர்க் குழாயும் பொது. பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் ஆகும்போது அதே பத்தடியை ஒட்டி இன்னொரு சாய்ப்பு இறக்குவார்கள். அதற்கும் அதிகாரியின் வாய்மொழிச் சம்மதம் வேண்டும்.

அரசு கொடுத்த ஆதரவையும் மறைக்கக் கூடாது. மாதாமாதம் பணக்கொடை உண்டு. கிலோ 57 காசுக்கு அரிசி பல வருஷம் கிடைத்தது. அரசுப் பள்ளியில் சேர்க்கத் தடை இல்லை; மருத்துவம் இலவசம். ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை. அப்படி இருந்தும் நாற்பது வருஷமாக ஒரு மாநில அரசு இத்தனை பேருக்குச் சோறும் கூரையும் கொடுத்து வந்திருப்பது பெரிய காரியம். 1984-ல் எஸ்.சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களுக்குள்ளிருந்தே ஆசிரியர்களையும் சுகாதாரத் தொண்டர்களையும் உருவாக்கியது. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகனான அவர் செய்த வேலையில் நிலைத்து நிற்பது இதுதான்: முகாமில் பிறந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள்.

பட்டம் வாங்கியவர் என்ன வேலைக்குப் போகிறார்? பெரும்பாலும் பெயிண்ட் அடிக்க.

முகாம் ஆண்களைப் பற்றி எந்த ஊரில் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். அதற்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. கடை வைக்க முதல் வேண்டும். வங்கி கடன் கொடுக்கச் சொத்து கேட்கும். விவசாயத்துக்கு நிலம் வேண்டும். வெளிநாட்டவர் என்று பதிவானவர் பெயருக்குப் பட்டா வராது. அரசு வேலைக்குக் குடியுரிமை வேண்டும். பெயிண்டிங்குக்கு ஒரு பிரஷும் ஏணியும் போதும், கூலி அன்றன்றைக்குக் கைக்கு வரும், உள்ளூர்ச் சாதிக் கணக்கில் யாருடைய தொழிலுக்கும் அது போட்டியாக நிற்கவில்லை. சாரத்தில் தொங்கிக்கொண்டு நாலாவது மாடிச் சுவருக்குச் சுண்ணாம்பும் எமல்ஷனும் பூசுகிறவரிடம் பி.காம். சான்றிதழ் இருக்கலாம்.

சிவகாசி வட்டாரத்தில் இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம்.

இந்தத் தொழில்களே ஒரு பஞ்ச பூமியின் பிழைப்பு வழியாகப் பிறந்தவை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, 1923 வாக்கில் சிவகாசியில் தொடங்கினார்கள். மழை இல்லாத ஊரில் மருந்து சீக்கிரம் காயும். விவசாயம் பொய்த்த ஊரில் ஆள் கூலி குறைவு. இந்த இரண்டையும் வைத்து எழுந்த சிவகாசிதான் இன்று நாட்டின் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கைச் செய்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று ஊரில் தரம் பிரிப்பார்கள். குழாய் சுருட்டுவது, சரம் பின்னுவது, திரி வெட்டுவது, மருந்து செலுத்துவது என்று வேலைக்கு வேலை கூலி வேறு. பீஸ் ரேட்டில் கை எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு காசு. எந்த நாட்டுக்காரர் என்று பீஸ் ரேட் கேட்பதில்லை.

ஆனால் உயிரைக் கேட்கும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை வெடித்து 38 பேர் இறந்ததை இந்த மாவட்டம் இன்னும் மறக்கவில்லை. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் இன்னொரு வெடிப்பு. அதில் இறந்தவர்கள் இருபதுக்கும் மேல். மருந்துக் கலவை அறையில் ஒரு உராய்வு போதும். ஷெல்லடிக்குத் தப்பி வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை வெடிமருந்து அறையில் வயிற்றுப்பாட்டைத் தேட வேண்டியிருக்கிறதே என்பதை நினைக்காமல் இந்தப் பக்கத்து முகாம்களைக் கடக்க முடியாது. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு தவிர மற்றவற்றுக்குத் தடை விதித்தது. சரவெடியும் பேரியம் கலந்த பட்டாசும் நின்றன. ஆலைகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தபோது உள்ளூர்த் தொழிலாளிக்குச் சொந்த ஊர், சொந்த வீடு, சாதிசனம் என்று ஏதோ ஒரு பிடிமானம் இருந்தது. முகாமில் இருப்பவருக்குப் பணக்கொடை நாள்தான் பிடிமானம்.

அந்த நாளுக்கும் ஒரு விதி உண்டு. மாதத்தில் குறித்த நாட்களில் செக்கிங். வருவாய் ஆய்வாளர் வருவார், பதிவேட்டைத் திறப்பார், குடும்பத்தில் ஒவ்வொருவரும் நேரில் நின்று தலை காட்ட வேண்டும். கோயம்புத்தூரில் பெயிண்டிங் கான்ட்ராக்ட் ஓடிக்கொண்டிருந்தாலும் விட்டுவிட்டு வர வேண்டும். ஆள் இல்லை என்றால் அந்த மாதப் பணம் நிற்கும். தொடர்ந்து இல்லாவிட்டால் பதிவை வெட்டிவிடுவார்கள். பதிவு வெட்டுப்பட்டவர் பாடு பெரும்பாடு. தாலுகா அலுவலகம், கலெக்டர் அலுவலகம், சென்னையில் மறுவாழ்வுத் துறை என்று மனுவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். வெளியூர் போக அனுமதி, இரவு தங்க அனுமதி, காவல் துறையின் கியூ பிராஞ்ச் விசாரணை எல்லாம் இருக்கின்றன. காலப்போக்கில் பிடி தளர்ந்திருக்கிறது, அதிகாரிகள் பலரும் அனுசரித்துப் போகிறார்கள். ஆனாலும் ஒரு தொழிலில் நிலைத்து மேலே வர வேண்டுமென்றால் மாதத்தில் எந்த நாள் வேலைக்கு வர முடியாது என்று முதலாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய நிலை மாறவில்லை.

2021 ஆகஸ்ட் 27-ல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் ரூ.317 கோடியே 40 லட்சத்துக்கு ஒரு திட்டம் அறிவித்தார். அப்போது 108 முகாம்களில் 18,944 குடும்பங்கள், 58,822 பேர். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழ்ந்தவர்கள் 34,087 பேர். பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது, குடும்பத் தலைவருக்கான பணக்கொடையை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக்குவது, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையைக் கூட்டுவது எல்லாம் அதில் இருந்தன. 'அகதிகள் முகாம்' என்ற பெயர்ப்பலகை இறங்கி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஏறியதும் அப்போதுதான். 2022 செப்டம்பரில் திண்டுக்கல் பக்கம் தோட்டனூத்தில் 321 வீடுகள் திறக்கப்பட்டன. தெருவிளக்கு, உள்ளேயே கழிப்பறை, கான்கிரீட் கூரை. பத்தடிக்குப் பத்தடியில் 30 வருஷம் படுத்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

என்றாலும் புது வீட்டின் சாவி கைக்கு வந்தவர் அந்த வீட்டுக்கு உரிமையாளர் இல்லை. விற்கவோ, அடமானம் வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கவோ முடியாது.

முட்டுக்கட்டை டெல்லியில் இருக்கிறது; சட்டத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் விளங்கும். இந்தியாவில் 1987 ஜூலை 1-க்கு முன்பு பிறந்த எவரும் பிறப்பாலேயே இந்தியர். அன்றிலிருந்து 2004 டிசம்பர் வரை பிறந்தவர் என்றால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு அதுவும் போதாது. மற்றொருவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. உரிய பயணப் பத்திரம் இல்லாமல் உள்ளே வந்தவரைச் சட்டம் சட்டவிரோதக் குடியேறி என்கிறது. குண்டு விழுகிற இரவில் படகில் ஏறியவர் எந்த அலுவலகத்தில் விசா வாங்குவார்? அந்த ஒரு குற்றத்துக்காக, அவர் எத்தனை வருஷம் இங்கே வாழ்ந்தாலும் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறுகிற வழியும் அடைபட்டுவிடுகிறது. அவருடைய பிள்ளைக்கும் அதே கதிதான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு இந்தத் தடையை நீக்கியது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. இலங்கையிலிருந்து வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்களும் கிறிஸ்தவர்களும்தான் என்றபோதிலும்.

நீதிமன்றம் சிலருக்குக் கதவைத் திறந்திருக்கிறது. திருச்சி கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த ஒரு பெண் 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1987-க்கு முன் பிறந்ததால் அவர் இந்தியரே என்று சொல்லி, பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். முகாமிலிருந்து முதன்முதலாக வாக்களித்தவர் என்று நாடே பேசியது. அவருக்கு இரண்டு வருஷம் கழித்து, அதே மண்டபத்தில் பிறந்தவருக்கு அந்தத் தீர்ப்பு ஒரு பயனும் தராது. இதே மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஜூனில் ஒரு தீர்ப்புச் சொன்னார். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களான 65 பேர் தொடுத்த வழக்கு அது. அவர்களை மற்ற குடியேறிகளோடு ஒன்றாக வைத்துப் பார்க்கக் கூடாது என்றும், குடியுரிமை மனுக்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். 1964-ல் இந்தியா தன் பங்காக ஏற்றுக்கொண்ட மக்களின் வாரிசுகள் அவர்கள். ஒப்பந்தம் போட்ட நாடு அதை நினைவில் வைத்திருக்கக் கடமைப்பட்டது.

2025 செப்டம்பரில் ஒரு சிறு நகர்வு. புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ் மத்திய அரசு விலக்கு ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மீது, பாஸ்போர்ட், விசா இல்லாத காரணத்துக்காகத் தண்டனை கிடையாது என்பது அதன் சாரம். தலைக்கு மேல் தொங்கிய கத்தியை எடுத்தாயிற்று. ஆனால் குடியுரிமைக்கு அது ஒரு படிகூடப் போட்டுக் கொடுக்கவில்லை.

போர் 2009-ல் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போனவர்களும் உண்டு, ஐ.நா. அகதிகள் முகமை விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்து அனுப்பி வைத்திருக்கிறது. போகாதவர்களிடம் காரணம் இருக்கிறது. மலையகத்தாருக்கு அங்கே ஒரு துண்டு நிலமும் கிடையாது. விட்டுவந்த வீடு தோட்டத் துரையுடையது, வன்னியில் போட்ட கொட்டில் காட்டோடு போயிற்று. 2022-ல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது மார்ச் மாதமே அரிச்சல்முனையில் மறுபடி குடும்பங்கள் வந்து இறங்கின. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு முகாம் தகப்பன், குல்லூர்சந்தையில் பிறந்து அருப்புக்கோட்டைப் பேச்சில் பேசி, அண்ணாச்சி கடையில் கணக்கு வைத்து வளர்ந்த பிள்ளையை எந்தத் தைரியத்தில் கூட்டிப் போவார்? இருந்தாலும், போக விரும்புகிறவர்களுக்கு வழி திறந்திருக்க வேண்டும். தங்க விரும்புகிறவர்களுக்கும் அதே நியாயம் வேண்டும் என்பதுதான் கேட்கப்படுவது.

இந்த மாவட்டத்துக்கு இப்போது ஒரு புது வாய்க்கால் வரப்போகிறது. 2021 பிப்ரவரி 21-ல் புதுக்கோட்டை மாவட்டம் குன்னத்தூரில் காவிரி - வைகை - குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கரூர் மாயனூர் கதவணையில் தொடங்கி 262 கிலோமீட்டர் நீளம். மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். காவிரியின் வெள்ளக்கால உபரியை வைகைக்கும், அங்கிருந்து கடைசி 34 கிலோமீட்டரில் குண்டாற்றுக்கும் கொண்டுவருவது நோக்கம். காரியாபட்டி, திருச்சுழிப் பக்கத்து விவசாயிகள் அந்தத் தண்ணீருக்காகக் காத்திருக்கிறார்கள். வேலை நகர்ந்து நகர்ந்து இங்கே வரும்போது கரையோரம் மறுபடி குடியிருப்புகள் எழும். இந்த முறை பெரும்பாலும் பொக்லைன் வெட்டும். கம்பி கட்டவும் கான்கிரீட் போடவும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். சிவகாசி ஆலைகளிலும் வடமாநிலத்தவர் ஏற்கெனவே வேலைக்கு இருக்கிறார்கள். தகரக் கொட்டகையில் தங்கிக் கஷ்டப்பட்டாலும் அவர்கள் பையில் ஒரு வாக்காளர் அட்டை இருக்கும். வேலை முடிந்தால் திரும்ப ஓர் ஊர் இருக்கும்.

அணையடி முகாம்காரர்களுக்கு இரண்டும் இல்லை. இத்தனைக்கும் மதுரை, விருதுநகர், கோவையில் புதிதாக எழும்பிய எத்தனையோ கட்டடங்களுக்கு நிறம் கொடுத்தவர்கள் அவர்கள். சிவகாசிச் சந்தையில் செலவழிக்கிறார்கள், ஜி.எஸ்.டி. கட்டுகிறார்கள், இருக்கங்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்கிறார்கள். 35 வருஷத்தில் இந்தக் கரிசல் மண் அவர்களை ஏற்றுக்கொண்டுவிட்டது. சட்டம்தான் ஏற்கவில்லை.

செய்ய வேண்டியது மிகவும் சிக்கலானதும் இல்லை. முதலில், இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள், பெற்றோர் எப்படி வந்தார்கள் என்பதைப் பார்க்காமல் விண்ணப்பிக்க இடம் கொடுக்கலாம். அடுத்து, 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவின் பங்கில் விழுந்தவர்களின் வாரிசுகளைத் தனியே கணக்கெடுக்கலாம். பழைய பதிவேடுகளைத் தேடினால் பலருடைய பெயர் கிடைக்கும். குடியுரிமைச் சட்டத்தில் ஒரு நாட்டின் பெயரைச் சேர்க்க நாடாளுமன்றத்துக்கு ஒரு கூட்டத்தொடர் போதும் என்பதை 2019-ல் பார்த்தோம். முகாம்வாசிகளில் ஏறக்குறைய யாருக்கும் ஓட்டு இல்லை. ஆகவே இதைக் கேட்க வேண்டியவர்கள் ஓட்டு உள்ள நாம்தான். அடுத்த முறை உங்கள் தொகுதி வேட்பாளர் வீட்டு வாசலுக்கு வரும்போது, குல்லூர்சந்தைக்கும் ஆனைக்குட்டத்துக்கும் மொட்டமலைக்கும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.